மகளுக்கென்று வைத்த கண்கள்

கண்டி டவுனிலிருந்து ஹந்தானைக்கு ஏறுகிற பாதையில் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு வளைவில் நிற்கும். அங்கே இறங்கி ஒற்றையடிப் பாதையில் மேலே போனால் ஒரு சிறிய தேயிலைத் தோட்டம். அதன் மேல் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் கடைசிக் காம்பராவில், கமலம் என்று ஒரு மனுஷி இருந்தாள். காலையில் பெயர் கூப்பிடுகிற பிரட்டுக்குப் பிந்தாமல் வருவாள். கொழுந்துக் கூடையை நிரப்புவாள். யாரோடும் சண்டைக்குப் போகமாட்டாள். செவ்வாய், வெள்ளியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோய் விளக்குப் போடுவாள். அம்மனோடு அவள் பேசுகிற பேச்சு, பக்கத்துக் காம்பராக்காரியோடு பேசுகிற மாதிரியே இருக்கும். "இன்னைக்கு மழையில அட்டை பிச்சுத் தின்னுருச்சு தாயே" என்று காலைத் தூக்கிக் காட்டி முறையிடுவாள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அவளுடைய வீட்டில் சாவு என்கிற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. அதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு மூத்தது பெண், ரத்தினம்மா. அதற்குப் பிறகு பிறந்த இரண்டு பையன்களும் தங்கவில்லை. கடைசிப் பையன் காய்ச்சலில் கிடந்து ஓயாமல் அழுதபோது, உடம்பும் மனசும் ஓய்ந்துபோன ஒரு நேரத்தில், "இப்படி அழுறதுக்குப் போய்த் தொலையேன்" என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. நீ சொன்னதாலா போனது, காய்ச்சலால் போனது என்று எத்தனையோ பேர் சமாதானம் சொன்னார்கள். அவள் அதை நம்பவில்லை. அன்றிலிருந்து தன் வாய்க்கும், தன் வீட்டில் இருக்கிற மற்ற வாய்களுக்கும் அவளே காவலாக இருந்தாள்.

அவளுடைய புருஷன் காளிமுத்துவோ எதையும் கேலியாகப் பேசுகிற ஆள். தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுவதில் கைகாரன். கவ்வாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு சிரிப்புச் சத்தம் அவனுக்கு முன்னால் வந்துவிடும். கமலம் எவ்வளவுக்கு வாயைக் கட்டினாளோ அவ்வளவுக்கு அவன் வாயை அவிழ்த்துவிட்டிருந்தான். இருந்தாலும் அவள் முகம் மாறினால் பேச்சை நிறுத்திவிடுவான்.

ரத்தினம்மாவை அதே தோட்டத்து ராஜலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மூன்று காம்பரா தள்ளித்தான் மாப்பிள்ளை வீடு. மகள் பிறந்த வீட்டிலேயே இருப்பது போலத்தான் என்று கமலம் மகிழ்ந்துபோனாள். அந்தக் காலத்தில் தோட்டத்து ஜனங்களுக்கு எந்த நாடும் சொந்தமில்லாமல் இருந்தது. இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசி, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டன. ராஜலிங்கத்தின் தகப்பன் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். காளிமுத்து, பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது என்று இலங்கைக்கு எழுதிப் போட்டிருந்தான். காளிமுத்துவுக்கு ஆம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. ராஜலிங்கம் வீட்டுக்குப் பாஸ்போர்ட் வந்தது. அதில் ரத்தினம்மாவின் பெயரும் இருந்தது.

கண்டி ஸ்டேஷனில் அன்று ரயில் கோச்சி ஏறியவர்களின் அழுகையை எழுதி முடியாது. தலைமன்னார் போகிற அந்தக் கோச்சிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிக்கு வெளியே ரத்தினம்மா நீட்டிய கையைக் கமலம் பிடித்துக்கொண்டு, கோச்சி நகர நகர அதோடு ஓடினாள். பிளாட்பாரம் முடிகிற இடத்தில் காளிமுத்துதான் அவளைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். அன்றைக்கு மட்டும் அவன் எதுவும் கேலி பேசவில்லை.

அக்கரைக்குப் போனவர்களுக்குத் தேயிலை வேலை கிடைக்கவில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் புருஷனும் பெண்சாதியும் கல் உடைக்கப் போனார்கள். இந்தச் சேதி மஹ்மூத் நானா மூலமாகத்தான் வந்துகொண்டிருந்தது. மஹ்மூத் நானா அலவத்துகொடைக்காரர். சீத்தைத் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குவார். நாகூர் தர்காவில் வருஷா வருஷம் நடக்கிற கந்தூரிக்கு அக்கரை போகிற வழக்கம் அவருக்கு இருந்தது. போகும்போதெல்லாம் தோட்டத்து ஜனங்களின் சேதிகளையும் நெஞ்சுக்குள் மூட்டை கட்டிக்கொண்டு போய், அலைந்து திரிந்து ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வருவார். அதை அவர் ஒரு நேர்ச்சை மாதிரிச் செய்தார்.

ஒரு தடவை அவர் திரும்பி வந்தபோது மூட்டையை இறக்கவில்லை. வாசல் இஸ்தோப்பில் நின்றபடியே, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். கல் உடைக்கும்போது ஒரு சில்லு தெறித்து ரத்தினம்மாவின் ஒரு கண்ணில் பட்டுவிட்டது. பச்சிலை பிழிந்து விட்டார்கள். அது புண்ணாகிப் பூ விழுந்துவிட்டது. பிறகு மற்றக் கண்ணும் சிவந்து புண்ணாகி, அதிலும் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது. கைப்பிள்ளையைத் தடவிப் பார்த்துத்தான் பால் கொடுக்கிறாள். திருச்சி ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, கண்ணின் மேல் தோல்தான் கெட்டிருக்கிறது, செத்தவர்கள் கண்ணிலிருந்து நல்ல தோல் எடுத்து வைத்தால் பார்வை வரும், ஆனால் இங்கே கண் கொடுக்கிறவர்கள் குறைவு என்று சொல்லியிருக்கிறார்.

கமலம் அன்று அடுப்பு மூட்டவில்லை. மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் கட்டினாள். காளிமுத்து மட்டும் விடிய விடிய எதையோ யோசித்துக்கொண்டு கிடந்தான்.

புத்தருடைய வெசாக் பண்டிகைச் சமயத்தில் டவுனில் ஒலிபெருக்கி வைத்து ஒன்றைச் சொல்வதை அவன் கேட்டிருந்தான். இந்த நாட்டில் இறந்தவர்களின் கண்ணை எடுத்து, ஐஸ் போட்ட போத்தலில் வைத்து, பிளேனில் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள் என்று. அந்தக் கண்தான வேலையைக் கண்டியில் பார்த்துக்கொண்டிருந்தவர் திங்கிரி பண்டா. மாத்தயா, அதாவது ஐயா, என்றே எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பென்ஷன் வாங்கிய பள்ளிக்கூட மாஸ்டர். குண்டசாலைப் பக்கம் வீடு. காளிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு அவரைத் தேடிப் போனான். திரும்பி வந்து நடந்ததைச் சொல்லும்போது லயமே கூடிவிட்டது.

அவன் போய்க் கேட்டது இதுதான்: எனக்குக் கண்ணு ரெண்டு இருக்கிறது, கவ்வாத்து வெட்ட ஒன்று போதும், மற்றதை இப்போதே எடுத்து என் மகளுக்கு அனுப்புங்கள். மாத்தயா முதலில் சிரித்தாராம். பிறகு இவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி, கதிரையை இழுத்து இவனை உட்காரச் சொன்னாராம். உயிரோடு இருக்கிறவன் கண்ணை எந்த டொக்டரும் தொடமாட்டார், அது பாவம் என்று எடுத்துச் சொல்லியிருக்கிறார். அனுப்புகிற கண்ணை யாருக்கு வைப்பது என்பதைக்கூட அந்தந்த ஊர் டொக்டர்தான் முடிவு செய்வார் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனாலும், தகப்பன் கண் மகளுக்கு என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள், நான் கேட்டுப் பார்க்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

சொன்னபடியே கேட்டும் பார்த்தார். திருச்சி டொக்டர் சம்மதித்தார். சிலோனிலிருந்து அந்தக் கண் வந்தால் ரத்தினம்மாவுக்கே வைப்பதாகவும், அதுவரை உள்ளூர் வரிசையில் அவள் பெயரைச் சேர்க்காமல் வைத்திருப்பதாகவும் பதில் வந்தது.

அந்தச் சமயத்தில் காளிமுத்துவுக்கு நெஞ்சில் சளி கட்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. வேலைக்குப் போவதும் நிற்பதுமாக இருந்தான். உடம்பு இளைத்தாலும் கண்ணை மட்டும் ராசா வீட்டுப் பொருள் மாதிரிப் பார்த்துக்கொண்டான். அடுப்புப் புகைக்குப் பக்கத்தில் உட்காரமாட்டான். காலையும் மாலையும் மலைப் பீலியில் கொட்டுகிற தண்ணீரை அள்ளி அடித்துக் கண்ணைக் கழுவுவான். பக்கத்துக் காம்பரா அழகம்மா வாய் சும்மா இருக்காது.

"என்னண்ணே, புதுப் பொண்ணு மாதிரி முகத்தைக் கழுவிக்கிட்டே இருக்கீங்க?"

"இது என் கண்ணு இல்லம்மா. திருச்சிக்காரியோட கண்ணு. வாடகைக்கு வச்சிருக்கேன். திருப்பிக் கொடுக்கிறப்ப அழுக்கா இருந்தா ஏசுவா."

லயமே சிரித்தது. கமலம் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு வேதனை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் முடியாது. மகளுக்குக் கண் வேண்டும் என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும், அதற்கு எது நடக்கவேண்டும் என்பதும் கூடவே வந்துவிடும். காலையில் எழுந்ததும் அவன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். ஏறி இறங்கினால் அப்பாடா என்று இருக்கும். அடுத்த நிமிஷமே, பிள்ளையைத் தடவிப் பார்த்துப் பால் கொடுக்கிற மகள் நினைவுக்கு வருவாள். அம்மனிடம் போனால் எதைக் கேட்பது என்று தெரியாமல், விளக்கைப் போட்டுவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிடுவாள். பிள்ளை விஷயத்தில் ஒரு சொல்லை வெளியே விட்டு அதன் பலனைப் பார்த்தவள் அவள்.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். கமலம் சாமி படத்துக்கு விளக்கேற்றத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள். காளிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மாத்தயாவை அன்று பகல் டவுனில் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"இந்தா புள்ள, ஒரு விஷயம் கேட்டுக்க. உசிரு போனதும் செய்யவேண்டியதை மாத்தயா சொன்னாரு. உடனே..."

"வாயைக் கழுவுங்க. வெளக்கு வைக்கிற நேரத்தில என்ன பேச்சு இது?"

"இல்ல புள்ள, இது முக்கியம்..."

"எதா இருந்தாலும் என்கிட்டச் சொல்லவேணாம். நான் கேக்கமாட்டேன்."

அவள் முகம் மாறுவதைப் பார்த்து அவன் விட்டுவிட்டான். சரி, இன்னொரு நாள் சொல்லலாம் என்று நினைத்திருப்பான். அந்த இன்னொரு நாள் வராமலே போனது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில், கமலம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது காளிமுத்து தண்ணீர் கேட்டான். அவள் தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு வாய் கொடுத்தாள். இரண்டாவது வாய் உள்ளே போகாமல் வழிந்துவிட்டது. கண் திறந்தபடி, கூரையைப் பார்த்தபடி, அப்படியே போய்விட்டான்.

அழகம்மாவின் புருஷன் தோட்டத்து ஆபீசுக்கு ஓடிப்போய், மாத்தயாவுக்கு டெலிபோன் பண்ணச் சொன்னான். லயத்து ஜனம் கூடியது. அழகம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, அழுதுகொண்டே காளிமுத்துவின் இமையை வருடி மூடக் கையை நீட்டினாள். கமலம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காளிமுத்துவின் வகையறாவில் ஒரு முறை உண்டு. தாய் தகப்பனின் கண்ணை மூத்த பிள்ளைதான் மூடவேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது. மூத்த பிள்ளை என்றால் அடுத்த லயத்தில் இருக்கும், மலையில் வேலையில் நிற்கும், ஆள் அனுப்பினால் ஓடிவந்துவிடும். காளிமுத்துவின் தகப்பன் போனபோது அவனும் அப்படித்தான் மலையிலிருந்து கத்தியும் கையுமாக ஓடிவந்து மூடினான். பிள்ளைகள் அக்கரைக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்த முறை தடுமாறிப்போனது. தம்பி மகன், அண்ணன் மகன் என்று யாரையாவது வைத்து ஒப்பேற்றிக்கொண்டார்கள். கமலம் அதற்கு இணங்கவில்லை.

"கண்ணு தெறந்து கெடக்கு கமலம். பார்க்க முடியல. மூடிவிட்டிருவோம்" என்றாள் அழகம்மா.

"தொடாத மதினி. மூத்த புள்ளதான் மூடணும். அவகிட்டத்தானே போகுது. ராத்திரி அவ படுக்கிறப்ப அவளே மூடிக்கட்டும்."

அங்கே இருந்த பெண்கள் அதைக் கேட்டு வாய்விட்டு அழுதார்கள். கங்காணியே, அது சொல்றது சரிதான், முறை தப்பாமல் போகும் என்று தலையை ஆட்டினார். தகப்பனின் கண் மகள் முகத்தில் இருந்து, மகள் உறங்கும்போது மகளாலேயே மூடப்படும். அதைவிட நல்ல முறை எங்கே இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. சாம்பிராணிப் புகை காம்பராவை நிறைத்தது. திறந்த கதவு வழியே ஹந்தானை மலைக் காற்று வீசிக்கொண்டே இருந்தது. கமலம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் திறந்த கண்ணைப் பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். பிளேன்ல போறீங்க, பயப்படவேணாம், இறங்கினதும் அவதான் இருப்பா, பேத்தி முகத்தையும் பார்த்திருவீங்க என்று வழி சொல்லி அனுப்புகிற மாதிரிப் பேசினாள்.

ஜீப் நேரத்தோடு வந்துவிட்டது. மாத்தயாவும் ஒரு வாலிப டொக்டரும் பாதையில் ஏறி வந்தார்கள். திருச்சிக்குத் தந்தி அடித்தாகிவிட்டது, மகளை ஆஸ்பத்திரியில் தயாராக வைத்திருப்பார்கள் என்று மாத்தயா சொன்னார். காம்பராவில் இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள். கமலம் மட்டும் மூலையில் நின்றுகொண்டாள். டொக்டர் குனிந்து, டோர்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மாத்தயாவிடம் சிங்களத்தில் தணிந்த குரலில் ஒரு சொல் சொன்னார். கொடியில் போட்ட துணி காய்ந்துவிட்டது என்பதற்கு மலையடிவாரத்துச் சிங்களப் பெண்கள் சொல்கிற அதே சொல். கமலத்துக்கு அது விளங்கியது. விளங்கியதை நம்பத்தான் முடியவில்லை.

மாத்தயா அவள் பக்கம் திரும்பினார். அவருடைய தமிழ் எப்போதும் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். அன்று இன்னும் தடுமாறியது.

"கமலம், மிச்சம் வருத்தம். இந்தக் கண்ணு அனுப்ப ஏலாது."

"ஏன் மாத்தயா? நேரத்துக்குத்தானே வந்தீங்க?"

"நேரம் சரி. உயிர் போன உடனே கண்ணை மூடி, மேல ஈரத் துணி போட்டு இருக்கணும். தெறந்து வைச்சா காய்ஞ்சு போகும். காளிமுத்துகிட்ட நான் சொன்னது. அவர் சொல்லல்லயா?"

கமலத்துக்குத் திரி திரித்துக்கொண்டிருந்த அந்தப் பொழுது ஞாபகம் வந்தது. உடனே என்று தொடங்கி அவன் நிறுத்தியது ஞாபகம் வந்தது.

"சொல்ல வந்தாரு மாத்தயா. நான்தான் சொல்லவிடல."

மாத்தயா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அவர்கள் போன பிறகு, இனி யாருக்காகவும் வைத்திருக்கவேண்டியதில்லை என்று கமலமே கையை வைத்துப் புருஷனின் கண்ணை மூடப் பார்த்தாள். இமை இறுகிப்போயிருந்தது. பாதியில் நின்றுவிட்டது. அவள் எவ்வளவு வருடியும் இறங்கவில்லை. அந்தப் பாதி மூடிய கண்ணோடுதான் காளிமுத்துவை மண்ணுக்குள் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு கமலம் வேலைக்குப் போனாள், வந்தாள். பேச்சு அவளுக்கு அறவே குறைந்துவிட்டது. தோட்டத்தில் ஒருவரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்ல அவர்களுக்கு என்ன வாய் இருக்கிறது? அவர்களும்தானே தலையை ஆட்டினார்கள். ஏசியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கந்தூரிக்குப் போய்வந்த மஹ்மூத் நானா அடுத்த சேதியைக் கொண்டுவந்தார். தந்தி போன அன்று ரத்தினம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, இமை மயிரைக் கத்தரித்து, மருந்து விட்டுத் தயாராக வைத்திருந்தார்கள். பிறகு வந்து, இன்றைக்குக் கண் வரவில்லை என்று எழுப்பிவிட்டார்கள். தகப்பன் செத்ததையும் அப்போதுதான் சொன்னார்கள். கண் ஏன் வரவில்லை என்று அவளுக்கு யாரும் விவரமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வரவில்லை என்றால் இன்னொரு நாளைக்கு வரும் என்று அவள் இருந்துகொண்டிருக்கிறாள். உள்ளூர் வரிசையில் பெயரைக் கொடு என்று புருஷன் எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. அப்பா கண் வரும், அதை விட்டுவிட்டு வேறு கண் எதற்கு என்கிறாளாம். வானத்தில் பிளேன் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கிறாளாம்.

இதைச் சொல்லிவிட்டு மஹ்மூத் நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தடவை போகும்போது அவளிடம் என்ன சொல்வது என்று அவரும் யோசித்துத்தான் வைத்திருந்தார்.

"தங்கச்சி, மழைக்குப் பிளேன் போகல்ல, அதால பழுதாப் போச்சு எண்டு செல்லிவிடுறேன். பொய்தான். அல்லாஹ் மன்னிப்பான். உங்கட பேரு வரத் தேவையில்ல."

கமலம் அதை நினைத்துப் பார்த்தாள். மழை என்று சொன்னால் போதும். மகள் மழையைத் திட்டிவிட்டு, அம்மாவை நினைத்து அழுதுவிட்டு இருப்பாள். உலகத்தில் மிச்சம் இருக்கிறது அந்த ஒரு பிள்ளை. அவளுடைய மனசிலாவது தான் கெட்டவளாகாமல் இருக்கலாம். அந்த ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை.

"வேணாம் நானா" என்றாள். "மழைன்னு சொன்னா, மறுபடி இங்கயிருந்து இன்னொன்னு வரும்னு இருப்பா. அம்மாதான் மூடாம வச்சுக் கெடுத்துருச்சுன்னு சொல்லுங்க. அப்பா சொல்ல வந்ததையும் கேக்கலன்னு சொல்லுங்க. இனிமே இங்கயிருந்து ஒன்னும் வராது, அங்கயே பேரைக் கொடுக்கச் சொல்லுங்க."

அன்று துணி மூட்டையை மஹ்மூத் நானா அந்த லயத்தில் அவிழ்க்கவே இல்லை.

பதில் வருவதற்கு ஒரு கந்தூரி போய் மறு கந்தூரி வரவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் கமலம் ஒரு வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். தோட்டத்தில் எந்த லயத்தில் எந்த உயிர் போகப்போகிறது என்று தெரிந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். கூப்பிடவேண்டியதில்லை. கையில் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியும் ஒரு செம்புத் தண்ணீரும் இருக்கும். உயிர் போனதும் இமையை மூடி ஈரத் துணியைப் போட்டுவிடுவாள். தாலி அறுத்தவள் வந்து தொடுவதா என்று முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். சாவு என்கிற பேச்சையே வீட்டுக்குள் விடாதவள் இப்படி இழவு இழவாகப் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. கண் கொடுக்கச் சம்மதித்தவர்களின் வீட்டுக்கு மாத்தயா வருவார். எடுத்துக்கொண்டு இறங்கும்போது கமலம் பாதை முனை வரைக்கும் கூடவே போய்க் கேட்பாள்.

"இது எந்த ஊருக்கு மாத்தயா?"

அவர் தெரிந்தால் சொல்வார். அவளுக்கு வாயில் நுழையாத தேசங்களின் பெயராக இருக்கும். பாலைவனத்து ஊர், பனி பெய்கிற ஊர். அங்கேயும் ஒரு தாய் இருப்பாள், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று கையெடுத்துக் கும்பிடுவாள். ஆனால் திரும்பி ஏறும்போது அவள் நடை தளர்ந்துபோயிருக்கும். எல்லாக் கடலையும் தாண்டிப் போகிற கண், கூப்பிடு தூரத்தில் இருக்கிற திருச்சிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. அங்கே ஒரு தடவைதான் சம்மதித்தார்கள். தகப்பன் கண் என்பதற்காகச் சம்மதித்தார்கள். மறுபடி கேட்க மாத்தயாவுக்கும் வழி இருக்கவில்லை.

மறு கந்தூரி முடிந்து மஹ்மூத் நானா வந்தார். ரத்தினம்மா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதற்காக வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னார். கமலம் செய்ததைக் கேட்டதும் ரத்தினம்மா பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதாளாம். பிறகு சொன்னாளாம்.

"அம்மா முறையைத்தான் பார்த்திச்சு. நான்தானே வந்து மூடியிருக்கணும். கடல் நடுவுல கெடக்குன்னா அதுக்கு அம்மா என்ன பண்ணும்? பேரு கொடுத்திட்டேன்னு சொல்லுங்க. எனக்கு முன்னால நெறையப் பேரு இருக்காங்க. கண்ணு வந்ததும் மொதல்ல அம்மாவைப் பார்க்கத்தான் வருவேன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் அம்மா இருக்கணும்."

கமலம் அதைத் திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் சொன்னார். புருஷன் போன நாளிலிருந்து கண்ணீர் விடாமல் இருந்தவள், அன்றைக்குத்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குளித்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போனாள். இத்தனை காலமும் வாய் திறக்காமல் நின்ற இடத்தில் நின்றாள். மகள் வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டாள். இனிக் கேட்காமல் இருக்க முடியாது. ஆனால் என்ன சொல்லிக் கேட்பது? என் மகளுக்குக் கண்ணைக் கொடு தாயே என்றால், அக்கரையில் எவள் வீட்டிலோ விளக்கு அணையவேண்டும். வரிசையில் முன்னால் நிற்கிறவர்களும் பெற்ற பிள்ளைகள்தான். அவர்களைத் தள்ளிவிட்டு என் பிள்ளைக்குக் கொடு என்றும் நாக்கு எழவில்லை. பூசாரி தீபத்தைக் காட்டிவிட்டுத் தட்டோடு வந்து நின்றார். அவள் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து அவர் காத்திருந்தார்.

"தாயே" என்றாள் கடைசியில், பக்கத்துக் காம்பராக்காரியோடு பேசுகிற அதே குரலில். "அங்க இன்னைக்கு யாரு போகணும்னு நீ எழுதி வச்சிருக்கியோ, அது உன் பாடு. நான் அதுக்குள்ள வரல. போறவங்க பக்கத்தில அவங்க புள்ள இருக்கட்டும். உடனே மூடிவிடட்டும்."

திருநீற்றை நெற்றியில் பூசிக்கொண்டு, மழை வருவதற்கு முன் வீட்டுக்குப் போய்ச் சேர அவள் மலையேறினாள்.